கேஸ் மெஷினுக்கு வைத்த பொட்டு

இன்று காலை எங்கள் கேன்டீனில் நடந்ததை நினைத்து இன்னும் தூங்காமல் இருக்கிறேன்.

பயத்தில் இல்லை. கோபத்தில்!

ஒரகடத்தில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியின் கேன்டீனில் நான் சமையல். (கம்பெனி பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கு என்னை கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள்.)

என் பேத்தி அதே கம்பெனியில் லைனில் வேலை பார்க்கிறாள். எங்கள் வீட்டில் கழுத்தில் ஐடி கார்டு மாட்டிய முதல் ஆள்! நான் ஆக்கியதை அவள் தட்டில் வாங்கிச் சாப்பிடும்போது எனக்கு வருகிற பெருமை இருக்கிறதே... விடுங்கள், இப்போது கோபத்தில் இருக்கிறேன்.

காலையில் இட்லி பாய்லர் பக்கம் போனேன். குப்பென்று கேஸ் வாசனை.

கூட வேலை செய்யும் மேரிக்கும் அடித்தது. சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன்.

"தம்பி, கேஸ் நாறுது. நான் அடுப்ப பத்த வெக்க மாட்டேன்."

அவர் சுவரில் இருக்கும் பெட்டியைக் காட்டினார்.

"பச்ச லைட்டு எரியுது பாரு ஆயா. லீக் இருந்தா அதுவே கத்தும்."

(தெரியாதவர்களுக்கு: அடுப்புக்குப் பின்னால், முழங்கால் உயரத்துக்கும் கீழே ஒரு சின்ன மெஷின் மாட்டியிருக்கிறார்கள். சிலிண்டர் கேஸ் கசிந்தால் தரையோடுதான் படியும். அதனால் மெஷினும் கீழே. அது மோப்பம் பிடித்துச் சொன்னால் மேலே இருக்கும் பெட்டி சைரன் அடிக்கும்.)

"அது எரிஞ்சா எரியட்டும். நீ மோந்து பாரு தம்பி."

"எனக்கு சளி ஆயா. ஒண்ணும் தெரில."

பாருங்கள்! மூக்கடைத்த மனுஷன் எனக்குத் தீர்ப்பு சொல்கிறார்!

"மூக்கு பொய் சொல்லும், மெஷின் பொய் சொல்லாது. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பஸ்ஸெல்லாம் வந்துகினு கீது. பத்த வை" என்றபடி எக்ஸாஸ்ட் ஃபேன் போட சுவிட்சுப் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"சார்! சுவிட்ச்ல கை வெக்காதீங்க!" என்று மேரி போட்ட சத்தத்தில் அவருடைய சளியே இறங்கியிருக்கும்.

நான் வெளியே போய் சிலிண்டர் ரூமில் மெயின் வால்வை மூடினேன். மேரி கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டாள்.

"இன்னா ஆயா, கம்பெனிய நீ நடத்துறியா?"

"கம்பெனிய நீயே நடத்துப்பா. அடுப்ப நான்தான பத்த வெக்கணும்? மொதல்ல எரியப் போறது என் பொடவ!"

என் புடவையோடு போனாலும் பரவாயில்லை. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் சாப்பாட்டு ஹால். என் பேத்தியோடு ஒரு ஷிஃப்டே வந்து உட்காரும்!

இன்று டிஃபனுக்கு எல்லோருக்கும் பிரெட். ("இன்னா ஆயா, நாங்க என்ன ஜுரத்துலயா கீறோம்?" என்று லைன் ஆட்கள் என்னைத்தான் திட்டினார்கள்.)

அப்புறம் மெஷின் மாட்டிய கம்பெனியிலிருந்து சர்வீஸ் ஆள் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பாய்லருக்குப் போகும் டியூபில் வெடிப்பு இருந்ததைக் கண்டுபிடித்தார். லீக் நிஜம்!

அப்படியானால் மெஷின் ஏன் கத்தவில்லை?

டார்ச் அடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்து பார்த்தார்.

"பாட்டிம்மா, இதுக்கு யாரு பொட்டு வச்சது?"

சந்தனம்! கட்டைவிரல் அகலத்துக்கு அப்பி, நடுவில் குங்குமம். காய்ந்து சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. ஆயுத பூஜைக்கு வைத்தது. தீபாவளியே வந்து போய்விட்டது!

"சல்லடை கணக்கா இருக்குல்லா, இது வழியாத்தான் கேஸ் உள்ள போவணும். இத அடச்சுப்புட்டா வெளிய எம்புட்டு கேஸ் இருந்தாலும் இதுக்குத் தெரியாது. பச்சையே எரியும்" என்றார்.

சூப்பர்வைசர் உடனே, "பொம்பளைங்க பூஜ பண்றாங்க, நான் இன்னா பண்றது?" என்றார்.

மேரி விடுவாளா?

"நான் சர்ச்சுக்குப் போறவ சார். ஆயாவுக்கு முட்டி மடங்காது. நீங்கதான் குந்திகினு வெச்சீங்க. நான் சுண்டல் துன்னுகினே பாத்தேன்!"

(கீழே விழுந்த கரண்டியை எடுக்கக் குனியாத மனுஷன், இதற்குக் குனிந்திருக்கிறார்!)

"வெக்கக் கூடாதுன்னு எவனும் சொல்லலியே" என்றார் அவர்.

அதுதான் எனக்கு இன்னும் கோபம். அது உண்மை! ஆடிட் வருகிறது என்று மாட்டினார்கள், போனார்கள். அது எதற்கு, எதைச் செய்யக் கூடாது என்று ஒருத்தர்கூட வந்து எங்களிடம் சொல்லவில்லை. அவ்வப்போது டெஸ்ட் பண்ணக் கூப்பிடச் சொல்லியிருந்தாராம் சர்வீஸ்காரர். ஒரு தடவைகூட யாரும் கூப்பிடவில்லையாம்.

டியூபை மாற்றி, மெஷினுக்கு மோப்பம் பிடிக்கும் புதுத் தலையும் மாட்டினார். மதியம், சின்ன பாட்டிலில் கொண்டுவந்த டெஸ்ட் கேஸை அதில் காட்டினார்.

சைரன் காதைக் கிழித்தது!

பக்கத்து ஹாலில் கூட்டம் வெளியிலிருந்து வந்த பொட்டலச் சோறு தின்றுகொண்டிருந்தது.

ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை. ஒருத்தர்! இரண்டு பேர் பாக்கெட்டைத் தடவினார்கள். அவ்வளவுதான்.

என் பேத்தி கவுண்டரில் தலையை நீட்டினாள்.

"ஆயா, யார் போனு அது? எடுக்கச் சொல்லேன், தல வலிக்குது."

காலையில் அது ஒழுங்காகக் கத்தியிருந்தாலும் என் பிள்ளை உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டுதானே இருந்திருப்பாள்?

நேராக சூப்பர்வைசரிடம் போனேன்.

"தம்பி, வாரத்துல ஒரு நாள் ஹால்ல எல்லாரும் இருக்கும்போது இத அடிச்சிக் காட்டு. எந்த வாசப்படில ஓடணும்னும் சொல்லு."

"எதுக்கு ஆயா? எல்லாரும் பயந்துடுவாங்க."

"பயப்படத்தான்யா அது கத்துது!"

இதைப் படிக்கிற ஷிஃப்ட் பிள்ளைகளே, உங்கள் கம்பெனி சைரன் எப்படிக் கத்தும் என்று உங்களுக்குத் தெரியுமா?

தெரியாதென்றால் நாளைக்கு உள்ளே போனதும் முதலில் அதைக் கேளுங்கள். டீயை அப்புறம் குடிக்கலாம்!