குழாய்க்காரர் மூக்கைப் பொத்திய நாள்

“என் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி பார்த்தவன் எவனாவது இருந்தா முன்னால வாங்கடா! அன்னிக்கே ஸ்பேனரைக் கீழ வச்சுடறேன்!”

ஹார்டுவேர் கடை வாசலில், டீ கிளாஸை வெற்றிக் கோப்பையாக உயர்த்திப் பிடித்துக் குழாய்க்காரர் விட்ட சவால் இது. ஒருவரும் முன்னால் போகவில்லை. பெற்ற அப்பன் செத்த வீட்டில் உறவெல்லாம் கதறிக்கொண்டிருக்க, பின்கட்டுக் குழாய் சொட்டுவது அழுகிறவர்களுக்கு இடைஞ்சல் என்று வாஷர் மாற்றிக்கொண்டிருந்த மகான் அவர். திறந்த சாக்கடையின் பக்கத்திலேயே சப்பணமிட்டுச் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிப்பார்.

அப்பேர்ப்பட்டவரின் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் தப்பியது. ஆள் வைக்கலாம் என்றாள் மைத்துனி.

“ஊர்ல பாதி கக்கூஸ் நான் மாட்டினது. இந்த ஒண்ணை அடுத்தவன்கிட்ட விடுவேனா?”

படுத்தபடியே மலஜலம் கழிக்க வைக்கும் பெட்பேன் இலாகாவை அன்றே ஏற்றுக்கொண்டார். எவர்சில்வர் பெட்பேனை வெந்நீரில் அலசுவார். உடம்பில் சில்லென்று படக் கூடாதாம். விளிம்பில் பவுடர் தூவுவார். தோல் ஒட்டி உரியக் கூடாதாம். அவள் முழங்காலை மடக்கி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, பேனைப் பொருத்தி மல்லாத்தி, தலையணையை உயர்த்தி, போர்வை போர்த்திவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்துவார். சத்தம் கேட்டால் அவள் கூசிப்போவாள் என்று நடைக் குழாயை முழுசாகத் திறந்துவிடுவார். அடுத்த வீட்டில் தண்ணீர் வீணானால்கூடச் சண்டைக்குப் போகிறவர்! அவள் தலைமாட்டு மணியை அடித்ததும் உள்ளே போய், முன்னிருந்து பின்னாகத் துடைத்து, ஈரம் போக ஒற்றி எடுப்பார்.

ஒருநாள் அப்படி ஒற்றும்போது முதுகடியில் தோல் சிவந்து கன்றியிருந்தது. இடுப்பெலும்பு, சட்டை மாட்டும் கொக்கியாட்டம் துருத்திக்கொண்டு நின்றது. குழாய்க்காரருக்குக் கண்ணில் கசிவு கண்டது. இத்தனை வருஷப் புகழ் என்னாவது? தோள் துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பினார். எதிரே பீரோவில் கண்ணாடி இருந்ததை மறந்துவிட்டார்.

அதன்பின் மணிச் சத்தம் குறைந்தது. “தேறிட்டாடா, முன்ன மாதிரி அடிக்கடி கூப்பிடறதில்ல” என்று கடை வாசலில் அறிக்கை விட்டார். தலைமாட்டுச் சொம்பில் தண்ணீர் வைத்தது வைத்தபடி இருந்தது அந்தக் குழாய் மேதையின் கண்ணில் படவில்லை.

காய்ச்சல் வந்தது. “உள்ள தண்ணியே போகல. மூத்திரத்துல கிருமி. இப்படியே இருந்தா கிட்னி நின்னுடும்” என்றார் டாக்டர். குழாய்க்காரர் ஸ்பூனால் புகட்டப் போனார். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

மைத்துனி நடையில் வைத்து அவரை மறித்தாள்.

“அக்கா ஏன் குடிக்க மாட்டேங்கறா தெரியுமா மாமா? ‘எத்தனை சாக்கடையில இறங்கின மனுஷன்டி, என்னுதுக்குத்தான் மூக்கைப் பொத்திக்கிட்டார்’ங்கறா.”

குழாய்க்காரர் உள்ளே போனார்.

“நாத்தம் இல்லம்மா அது. அன்னிக்கு... ஜலதோஷம்.”

“விடுங்க. யாரா இருந்தாலும் அப்படித்தான். இத்தனை நாள் நீங்க பொறுத்துக்கிட்டதே பெருசு.”

படுத்திருந்தவள் நின்றிருந்தவரைத் தேற்றினாள். துண்டு தோளில்தான் கிடந்தது. அவர் கை அதற்குப் போகவில்லை. முகமும் சுவருக்குப் போகவில்லை; கண் சொட்டியது.

அவள் அந்தச் சொட்டுகளைப் பார்த்தாள்.

“அன்னிக்கும் இதுதானா?”

தலையாட்டினார்.

“பைத்தியக்கார மனுஷா” என்று முனகிவிட்டு வாயைத் திறந்தாள். ஸ்பூன் ஸ்பூனாக இறங்கியது. போதுமா, காலம் கடந்துவிட்டதா என்று டாக்டருக்கே தெரியவில்லை.

மத்தியானம் மணி அடித்தது. வெந்நீரில் அலசிய பேனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு குழாய்க்காரர் வந்தார். கன்னத்தில் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை.