கைராசிக்காரர் தங்கபாண்டி

அருப்புக்கோட்டையில் அந்த ஜவுளிக்கடைப் பலகையில் மதார் மைதீன் பெயர்தான் இருக்கிறது. தங்கபாண்டியைக் கேட்டால் கடையே தன்னால்தான் ஓடுகிறது என்பார். முதலாளி சும்மா கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். மாடியில் பட்டுப் பிரிவு இருபத்திரண்டு வருடமாக அவருடையது. கல்யாண வீட்டார் யார் வந்தாலும் முதல் சேலையை அவர் கையால் எடுத்து வைக்கச் சொல்வார்கள். கைராசி அப்படி. "நான் ஒருநா லீவு போட்டா திருச்சுழிப் பக்கம் ஒரு கல்யாணம் நடக்காதுலே" என்பார் டீக்கடையில், கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் துர்காதேவி அதே பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். அதிகம் பேசமாட்டாள். சேலையைப் பெண்ணின் தோளில் போட்டுப் பார்த்து, நிறம் சேரவில்லை என்றால் சேரவில்லை என்று சொல்லிவிடுவாள். கொஞ்ச நாளில் பரளச்சி ஊர்க்காரர்கள் படியேறும்போதே, "அந்தப் பிள்ளை இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். தங்கபாண்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் சிரித்தால் வயிறு எரிந்தது. சிரிக்காவிட்டால் திமிர் என்று தோன்றியது. வேலையே கசந்துபோனது. ஆனால் தான் இல்லாத நேரத்தில் அவள் முதல் சேலை எடுத்துவிடுவாளே என்று, காய்ச்சலோடும் கடைக்கு வந்தார்.

இந்த ஆவணியில் அவர் மகள் சத்யபிரியாவுக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க, பந்தல்குடியிலிருந்து சம்பந்தி செல்வலட்சுமி வந்து, அவளோடு மாடியில் உட்கார்ந்தார்.

"அண்ணே, இங்க துர்கான்னு ஒரு பொண்ணு இருக்காமே. எங்க ஊருல அம்புட்டுப் பேரும் சொல்றாக. அது கையால எடுத்துக் குடுக்கட்டும்."

தங்கபாண்டியின் முகம் சுண்டிப்போனது.

"அந்தப் பிள்ளை இன்னைக்கு லீவு, தங்கச்சி."

ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் துர்காதேவி கீழே சத்யபிரியாவுக்குத் தண்ணீர் கொடுத்து, கல்யாணம் என்றைக்கு என்று விசாரித்திருந்தாள். மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆமா அத்தை, லீவுதான். அப்பாவே எடுக்கட்டும்" என்றாள் சத்யபிரியா.

அவர் எடுத்து வைத்தது அரக்குப் பட்டு, பச்சை பார்டர். கடையிலேயே நல்ல சேலை அதுதான். இந்த நாளுக்காக ஆறு மாதமாக யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்தார். மடிப்பைப் பிரிக்கப் போனார்.

"பிரிக்க வேணாம்ப்பா. இதே போதும்" என்றாள் மகள். அவள் கண் படிக்கட்டிலேயே இருந்தது. பிறகு அவர் பக்கம் குனிந்து, சம்பந்திக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"சீக்கிரம் பில்லைப் போடச் சொல்லுங்க. துர்கா அக்கா மேல வந்துட்டா உங்களுக்குத்தான் அசிங்கம்."