பெட்டிக்குள் இன்னொரு பெட்டி

சூடான தூசி வாசனை... அதுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனை நேராக அதன் வயிற்றுக்குத் திருப்பி வைத்திருப்போம். பக்கத்து அறையில் அப்பாவின் தறி. அது நிற்கும்போது மட்டும் கம்ப்யூட்டர் இரைவது கேட்கும்.

யாரோ பிரவுசிங் சென்டரை மூடும்போது வாங்கிய செகண்ட் ஹேண்ட் பெட்டி அது. நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பெரிய மேதாவி மாதிரி அதில் புது விண்டோஸ் XP போட்டுவிட்டேன். பார்த்தால், அக்கா புடவை டிசைன் போடுகிற சாஃப்ட்வேர் பழைய விண்டோஸ் 98-இல் மட்டும்தான் திறக்குமாம்!

அக்கா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். வேறு வழியில்லாமல், XP-க்குள்ளேயே ஒரு மூலையில் 98-ஐ ஓடவிட்டேன்.

"இன்னாடா இது... பொட்டிக்குள்ள இன்னொரு பொட்டியா?"

"ஆமாக்கா. உள்ள இருக்கறதுக்கு வெளிய ஒண்ணு இருக்குதுன்னே தெரியாது."

ஐயோ, அது ஓடிய லட்சணம்! மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி யோசித்து யோசித்து வரும். அதற்கு மட்டும் அக்கா கோபப்படவே மாட்டாள். கன்னத்தில் கை வைத்து, அது வந்து சேரும்வரை ஜன்னல் வழியாகக் கோபுரத்துப் புறாக்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்... அந்த மத்தியானங்கள் எல்லாம் இப்போது கனவு மாதிரி இருக்கின்றன.

அதுவரை அவள் அடுத்தவர் வரைந்த படத்தைத் தறிக்கு ஏற்றபடி கட்டம் கட்டமாக நிரப்பித் தருகிறவள். சொந்தமாக ஒரு டிசைன் தறி ஏற வேண்டும் என்பது அவள் ஆசை. புடவைக் கரையில் வரிசையாக அன்னங்கள். வேலை தருகிற கடைக்காரர் ஒருவழியாக ஒப்புக்கொண்டார்.

"தேர் அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள குடும்மா. இல்லன்னா வேற டிசைன ஏத்திடுவேன்."

அந்த சாஃப்ட்வேரில் முழுதாக முடித்தால்தான் சேவ் ஆகும். பாதியில் சேவ் கொடுத்தால் தொங்கிப்போகும். அதனால் தினமும் உள்ளே ஓடுகிற 98-ஐ இருந்தது இருந்தபடி உறையவைத்து ஹார்ட் டிஸ்கில் பதித்துவிடுவோம். அதைத்தான் 'பாஸ்' என்போம்.

தேர் அன்று காலை ஒரே ஒரு அன்னம் பாக்கி. தெருவில் தேர் நுழைந்தால் கரண்டை நிறுத்திவிடுவார்கள், மேலே கம்பி போகிறதே. யு.பி.எஸ். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது.

"டேய், தேரு முனையில திரும்பிக்கினு இருக்குதுடா! எல்லாம் போயிடுமா?"

பாஸ் அழுத்தினேன். நீலக் கோடு ஊர்ந்தது. "ஏகாம்பரா, ஏகாம்பரா" என்று அக்கா வாய்விட்டே வேண்டிக்கொண்டாள். நான் சுவிட்சை அணைக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

வாசலில் நின்று தேர் பார்த்தோம். கரண்ட் வந்ததும் திறந்தால்... உள்ளே கடிகாரம் இன்னும் காலையிலேயே நின்றுகொண்டிருந்தது. அன்னத்தின் கழுத்து பாதி வளைவில், அம்புக்குறி விட்ட இடத்தில்.

"அடேங்கப்பா! உள்ள இருக்கறவங்களுக்கு தேரு போனதே தெரியலபா!"

சாயங்காலத்துக்குள் கொடுத்துவிட்டாள். டிசைன் தறி ஏறியது. அந்தப் புடவையைக் கடையில் பார்த்துவிட்டு வந்த அன்று அக்கா நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்!

அடுத்த டிசைன் பாதியில் இருக்கும்போது கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. கல்யாண மண்டபத்துக்குக் கிளம்புகிற நாளுக்கு முதல் நாள் சாயங்காலம், ஒரு சிறகு மட்டும் வரைந்த மயிலை அவளே பாஸ் செய்தாள்.

"வந்து முடிக்கறேன். அழிச்சிடாதடா."

பிறகு குழந்தைகள், மாமியாருக்கு வைத்தியம், வீடு கட்டியது... வருவாள், போவாள். அந்த மேசையில் உட்கார நேரமே வாய்க்கவில்லை. வரைவதே விட்டுப்போயிற்று.

இப்போது ஆபீஸில் ஒரே மெஷினுக்குள் பத்து மெஷின் ஓட்டுகிறேன். தொட்டால் திறக்கும். எதற்கும் காத்திருக்க வேண்டாம். நான் புறாக்களைப் பார்த்தே வருஷக்கணக்காகிறது.

போன மாதம் வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது அந்தப் பெட்டி கிடைத்தது. சும்மா சுவிட்சைப் போட்டேன். அதே தூசி வாசனை! உள்ளே 98 கண் விழித்தது. ஒற்றைச் சிறகு மயில். கடிகாரத்தில் மாலை நான்கு மணி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீடியோ காலில் அக்காவுக்குக் காட்டினேன். போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அங்க இன்னும் அதே சாயங்காலமாடா?"

"ஆமாக்கா."

"அப்போ அங்க எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல" என்று சிரித்தாள். "அப்படியே வைடா. தேருக்கு வரேன்."

வந்தாள். தேர் அன்று காலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இப்போது வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, கரண்ட் போனாலும் கவலையில்லை. அம்புக்குறி அதே மாதிரி யோசித்து யோசித்து வந்தது. அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

மேளம் நெருங்கியது. "அம்மா, தேரு!" என்று பிள்ளைகள் வாசலிலிருந்து கத்தினார்கள்.

மயிலுக்கு இரண்டாவது சிறகு முளைத்துக்கொண்டிருந்தது. தேர் எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. அக்காவுக்குத் தெரியவே இல்லை.