ஸ்பிரிட் முழுசா எரியட்டும்

சிதம்பரத்தில் ஒரு கிளினிக். ஊசி போட வந்த நர்ஸ் என் கையில் பஞ்சைத் தேய்த்ததும் ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியது. பயத்தில் கண்ணை மூடினேன். உள்ளே கடலூர் வீடும் அம்மாவின் பெட்ரோமாக்ஸ் விளக்கும் வந்து நின்றன.

அன்று சாயங்காலம் சித்திக்கு நிச்சயதார்த்தம். புவனகிரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும் கரண்ட் போய்விட்டது. அம்மா விளக்கின் குட்டிக் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தார். "ஸ்பிரிட் முழுசா எரியட்டும். குழாய் சூடானாத்தான் மண்ணெண்ண ஆவியா வரும். அதுவரைக்கும் பம்ப்பத் தொடாதடா," என்று சொல்லிவிட்டுக் காபி எடுக்கப் போனார்.

எட்டு வயது விஞ்ஞானியான நான் உடனே பம்ப் அடித்தேன். ஆவியாகாத எண்ணெய் பீய்ச்சியடித்து, தீ என் உயரத்துக்கு எழுந்தது. நான் சித்தியின் பட்டுப்புடவைக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"சகுனமே சரியில்லயே," என்று எழுந்தார் மாப்பிள்ளையின் மாமா. காபித் தட்டோடு ஓடிவந்த அம்மாவை அவர் தடுத்தார். "தள்ளும்மா, ஆம்பளைங்க பாத்துக்கறோம்."

"நீங்க உக்காருங்கண்ணே, காபி ஆறிடும்," என்ற அம்மா, காற்றுத் திருகைத் திறந்து டாங்கியின் அழுத்தத்தை வெளியேற்றினார். தீ அடங்கியது. மறுபடி ஸ்பிரிட் ஊற்றி, அது எரிந்து தீரும்வரை அசையாமல் நின்றார். பிறகுதான் பம்ப் அடித்தார். கரி பிடித்த மேண்டில் வலை மெல்ல வெளுத்து, உஸ்ஸென்ற சத்தத்தோடு கூடமே பகலானது.

"பொண்ணு இந்தம்மாவோட தங்கச்சிதானே? தட்ட மாத்துங்க," என்றார் அதே மாமா.

அந்த வெளிச்சத்தில் என் பங்கு கரி மட்டும்தான். ஆனாலும் நெஞ்சு இன்றும் நிமிர்கிறது.

"ரெடியா சார்?" நர்ஸ் ஊசியோடு குனிந்தார்.

"அவசரப்படாதம்மா," என்றேன். "ஸ்பிரிட் முழுசா காயட்டும்."