பொத்தான் சேராத கோட்டு

மாண்ட்ரியல் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் பேருந்துக்குப் பதினொரு டாலர். சென்னையிலிருந்து இருபத்தாறு மணி நேரம் உட்கார்ந்தே வந்தவனுக்கு அதிலும் உட்கார இடம் கிடைத்தது. அதை அதிர்ஷ்டம் என்று என் முதுகு ஒப்புக்கொள்ளவில்லை. மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் நாற்பது வருடங்களுக்கு முந்தைய நோட்டு ஒன்று. பெட்டி தொலைந்தாலும் பரவாயில்லை, நோட்டு தொலையக்கூடாது என்பதால் கழிப்பறைக்குப் போகும்போதுகூட அதைக் கையோடு எடுத்துப் போனேன்.

பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் அறை எடுத்திருந்தேன். இரவுக்கு எண்பது டாலர், மூன்றாம் மாடி, வெளிப்புறமாக வளைந்து ஏறும் இரும்புப் படி. காலையில் கீழே ஒரு கடையில் இடியாப்பமும் சம்பலும் ஒன்பது டாலருக்குக் கிடைத்தன. கடைக்காரர் எனக்கு "பொன்ஜூர்" சொன்னார், அடுத்து வந்தவரிடம் "என்ன அண்ணை, குளிர் துவங்கீட்டுது" என்றார். வந்த வேலையை நினைத்ததும் இடியாப்பத்தைப் பாதியில் விட்டு எழுந்தேன்.

பத்து இருபதுக்கு ரெஜினா காருடன் வந்தார். மன்னார்க்காரர், ஐம்பது வயதிருக்கும். ரொக்ஸ்பரோ புறநகரில் ஹார்ட்விக்கைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்பவர். அவர் ஆங்கிலத்தில் சொல்வதை எனக்கு மின்னஞ்சலாக எழுதி அனுப்பியவரும் இவர்தான்.

ஹார்ட்விக் யாரென்று சொல்ல வேண்டும். ஜெர்மனியில் எல்பே நதிக்கரைச் சிற்றூர் ஒன்றில் தையல்காரரின் மகனாகப் பிறந்தவர். நகைச்சுவை நாடகங்கள் எழுதினார், நகராட்சி அரங்கு ஒன்றில் இயக்குநராக இருந்தார், பிற்பாடு நாவலாசிரியர் ஆனார். மனைவியின் ஊர் என்பதால் மாண்ட்ரியலுக்கு வந்தார். மனைவி போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டார். இப்போது எண்பத்தெட்டு வயது. நடுவில் மூன்று மாதம் எங்கள் சென்னையில் இருந்து, தன் நாடகம் ஒன்றைத் தமிழ் நடிகர்களை வைத்துப் போட்டார். மொழிபெயர்த்ததும் திரைமறைவில் நின்று வசனம் எடுத்துக்கொடுத்ததும் நான். இரண்டு வருட மாலை வகுப்பு ஜெர்மன் தந்த தைரியம், வயது இருபத்துநான்கு.

நாடகத்தின் ஜெர்மன் பிரதி அவர் வீடு மாறியதில் தொலைந்துவிட்டது. இங்குள்ள சிறு நாடகக் குழு ஒன்று அதைப் பிரெஞ்சில் போட விரும்புகிறது. உலகத்தில் மிச்சமிருப்பது என் தமிழ் நோட்டு மட்டும். அதை நான் ஜெர்மனில் வாசித்துச் சொல்ல வேண்டும். கேட்க எளிய வேலைதான். ஆனால் அந்த நோட்டின் கடைசிப் பக்கம் அவர் எழுதியதல்ல, நான் எழுதியது.

கதை இது. போருக்குப் போன மகனுக்காக ஒரு தையல்காரர் கோட்டு தைத்துவைத்துக் காத்திருக்கிறார். கடைசியில் கதவு தட்டப்படுகிறது. ஒருவன் வருகிறான். கோட்டை மாட்டிவிடுகிறார், பொத்தான் சேரவில்லை. ஹார்ட்விக் எழுதியதில் வந்தவன் மகன். "முகாமில் நான்தான் அப்பா சமையல்காரன்" என்று தொப்பையைத் தடவுகிறான். "நேராக நில், பிரித்துத் தைத்துவிடலாம்" என்கிறார் அப்பா. எல்லோரும் சிரிக்க வேண்டும்.

இரண்டு மணி நேரம் அப்பனைக் காக்கவைத்துவிட்டுத் தொப்பையைக் காட்டுவதா, நம் ஜனங்கள் ஏற்கமாட்டார்கள் என்று நானே தீர்ப்பு எழுதினேன். அசைவு ஒன்றையும் மாற்றவில்லை, வசனத்தை மட்டும் மாற்றினேன். "நான் உங்கள் மகனில்லை. அவனோடு இருந்தவன். கோட்டை என்னைப் போட்டுக்கொள்ளச் சொன்னான்." அதே பொத்தான், அதே "நேராக நில்". நடிகர்களுக்கு ஜெர்மன் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. அரங்கமே அழுதது. ஹார்ட்விக் என் தோளைப் பிடித்து, "ஏன் அழுகிறார்கள்?" என்றார். "எங்கள் ஊரில் சந்தோஷத்துக்கும் அழுவார்கள்" என்று கூசாமல் சொன்னேன். அதற்குப் பின் அவர் நகைச்சுவை எழுதவே இல்லை. சோக நாவல்களாக எழுதினார். 'மெட்ராஸில் அந்த மாலைதான் என்னை எழுத்தாளனாக்கியது' என்று எனக்கு எழுதிய கடிதங்களிலெல்லாம் குறிப்பிட்டார். ஒவ்வொரு கடிதமும் எனக்கு ஒரு குட்டு.

பதினெட்டு கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம். வீட்டு வாசலில் மேப்பிள் சருகுகள் கணுக்கால் வரை கிடந்தன. ஹார்ட்விக் தூங்கிக்கொண்டிருந்தார். சமையலறையில் தேநீர் போட்டுவிட்டு ரெஜினா நோட்டைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார்.

"என்ர தம்பியின்ர செய்தியையும் இப்பிடி ஒருத்தன்தான் கொண்டு வந்தவன் அண்ணை," என்றார். "இதை எழுதினவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு."

நான் தேநீரைக் குடித்தேன். இப்படியே வாசித்துவிட்டுப் போய்விடலாம், யாருக்கும் நஷ்டமில்லை என்று ஒரு கணம் தோன்றியது உண்மை.

பன்னிரண்டே காலுக்கு அவர் எழுந்தார். மெலிந்திருந்தார், குரல் மட்டும் அதே ஒத்திகைக் குரல். "மணி, தலைமுடியை எங்கே விட்டாய்?" என்று கேட்டார். சன்னலோரம் உட்கார்ந்து வாசித்தேன். இரண்டரை வரை போயிற்று. கடைசிப் பக்கம் வந்ததும் நோட்டை மூடிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நான் எழுதியதை வரி பிசகாமல் சொன்னேன். நாற்பது வருடம் சுமந்ததை இறக்க நாலு நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் சன்னலுக்கு வெளியே சருகுகளைப் பார்த்தார்.

"அந்தக் கோட்டை என் அப்பா அண்ணனுக்காகத் தைத்தார்," என்றார். "அண்ணன் வரவில்லை. அவனோடு இருந்த ஒருவன்தான் வந்தான். அதை எழுத எனக்குத் தெம்பில்லை. அதனால் அண்ணனைக் குண்டாக்கி, சிரிக்கவைத்து, வீட்டுக்கு வரவழைத்தேன். மறைத்ததை உங்கள் ஜனங்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று இத்தனை வருடம் வியந்தேன். கடைசியில் நீதானா?"

"தெரியாமல் செய்தேன். மன்னித்துவிடுங்கள்."

"கோபப்பட வயதில்லை. நான் எழுதியது எனக்கே சரியாக நினைவில்லை. சொல்லு."

சொன்னேன். எழுந்து நின்று நடித்தே காட்டினேன். தொப்பைக்கு எனக்கு ஒப்பனை தேவைப்படவில்லை. "முகாமில் நான்தான் அப்பா சமையல்காரன்" என்றதும் அவர் சிரித்தார். இருமல் வரும் வரை சிரித்தார். ரெஜினா தண்ணீரோடு ஓடி வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னதை நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். பழைய கடைசிப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடும் போட்டேன்.

நான்கரைக்குக் கிளம்பினோம். சென்னையில் என் வீட்டு அலமாரியில் இனி அந்த நோட்டு இருக்காது, அவரிடமே கொடுத்துவிட்டேன். மடி லேசாக இருந்தது, நெஞ்சு அப்படியில்லை. பார்க் எக்ஸ்டென்ஷனை நெருங்கிவிட்டோம். சிவப்பு விளக்கில் நின்றபோது ரெஜினா கேட்டார்.

"சிரிச்சுப்போட்டு அவர் என்ன அண்ணை சொன்னவர்? எனக்கு அந்த மொழி விளங்கேல்லை."

இந்த முறை ஒரு சொல்லையும் மாற்றாமல் மொழிபெயர்த்தேன். "'நாடகத்திலாவது அவன் வரட்டும்'னு சொன்னார்மா."

விளக்கு பச்சையாகிவிட்டது. பின்னால் ஒரு கார் ஒலி எழுப்பியது. ரெஜினா கியரில் கை வைத்தபடி அப்படியே இருந்தார்.

"ஓம் அண்ணை," என்றார். "வரட்டும்."