சைக்கிளுக்கு வாங்கிய பெட்டி

விமானத்தில் சைக்கிளைக் கொண்டுபோக எந்தப் பெட்டி வாங்குவதென்று ஒரு மாதமாக எனக்கு நிம்மதியில்லை. துணிப்பை லேசானது, ஆனால் தூக்கி எறிந்தால் சைக்கிள் நெளிந்துவிடும். கெட்டிப் பெட்டி தாங்கும். அதன் எடையே பயமுறுத்தியது. கடைசியில் கெட்டிப் பெட்டியையே வாங்கினேன்.

பாளையங்கோட்டை வீட்டில் சக்கரங்களைக் கழற்றி அடுக்கியதும் என் மனைவி எட்டிப் பார்த்தாள். "இவ்வளவு எடம் சும்மாத்தானே கெடக்கு" என்று, டெல்லியில் இருக்கும் மகளுக்குக் கருப்பட்டியையும் மோர்மிளகாயையும் இடுக்குகளில் செருகினாள். எடை கூடும், பெயின்ட் உரசும் என்று நான் கத்தியது அவள் காதில் ஏறவில்லை.

டெல்லியில் எல்லோருடைய பெட்டியும் வந்துவிட்டது. என்னுடையது மட்டும் வரவில்லை. விமான நிலையத்தில் புகார் எழுதிக்கொண்டு நிற்கும்போது என் மனைவி போனில் கேட்டாள்: "சைக்கிள் இடிச்சு மொளகா ஏதும் நொறுங்கலையே?"