நெகட்டிவ் இல்லாத படம்

போன வாரம் பக்கத்து வீட்டு காதருக்காக ஒரு போட்டோ எடுத்தேன். நான் எடுத்த முதல் போட்டோவே அதுதான்!

காதருக்குப் பினாங்கில் ஜவுளிக்கடை வேலை. இந்த லீவுக்கு திண்டுக்கல் வந்தபோது முதலாளியின் கேமராவை இரவல் வாங்கி வந்திருந்தார். பொத்தானை அமுக்கி, காகிதத்தை இழுத்து, ஒரு நிமிஷம் கழித்து உரித்தால் — படம் ரெடி!

விடுவார்களா? எங்கள் பேகம்பூர்ப் பகுதியே திரண்டு வந்து படம் எடுத்துக்கொண்டது. கிளம்புகிற அன்று பார்த்தால்... ஒரே ஒரு ஃபிலிம் பாக்கி.

“எங்க மூணு பேரையும் எடுத்துக் கொடுங்க சார்” என்று என்னிடம் நீட்டினார். காதர், மனைவி மரியம், நடுவில் இரண்டரை வயது மகள். அவர் போன தடவை பினாங்குக்குப் போன பிறகு பிறந்தவள். தகப்பனை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

படம் நன்றாகவே வந்தது. ஆனால் இன்னொரு பிரதி போட நெகட்டிவ் கிடையாதே! யாருக்குக் கொடுப்பது?

“நீயே வச்சுக்க. பிள்ளை இப்பத்தான் என்னை ‘அத்தா’ன்னு கூப்பிடப் பழகிருக்கு. மறந்துரும்” என்றார் காதர் மரியத்திடம்.

“நான் மறக்க விட்ருவேனா? எங்களுக்கு இங்க இம்புட்டுப் பேர் இருக்காக. அங்க உங்களுக்கு யாரு இருக்கா மச்சான்?”

காதர் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆனால் ரயில் நகர்ந்தபோது வழியனுப்பப் போயிருந்த என் கையில் ஜன்னல் வழியாகத் திணித்துவிட்டார். “அவகிட்ட கொடுத்துருங்க சார்!”

மறுநாள் ஸ்டூடியோவில் கொடுத்து ஒரு காப்பி எடுக்கச் சொன்னேன். பளபளப்பான படமா... விளக்கு வெளிச்சம் பட்டுக் கூசி, காப்பியில் குழந்தையின் முகம் வெள்ளையாய் அழிந்துபோயிருந்தது.

“இந்தக் கூசலை அடக்க வெளிநாட்டுல ஏதோ ஃபில்டர் இருக்காம் சார். நமக்கு எங்க கிடைக்கும்?” என்றார் ஸ்டூடியோக்காரர்.

இரண்டையும் மரியத்திடம் கொடுத்தேன். நல்ல படத்தைத்தான் எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளோ நிதானமாகப் பார்த்துவிட்டு, காப்பியை எடுத்துக்கொண்டாள்.

“அதில் பிள்ளை முகமே தெரியலையேம்மா?”

“அவுக முகம் தெரியுதுல்ல சார்? பிள்ளைதான் என்கிட்டயே இருக்கே. நல்லத அவுகளுக்கு அனுப்பிருங்க.”



இரண்டு பக்கமும் அட்டை வைத்து, ‘மடக்காதீர்கள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, நேற்று தபாலில் சேர்த்தேன். என் பங்குக்கு வேறென்ன செய்ய?